வழியில் ஒரு பந்தல்

குளித்தலைக் கடம்பவனேசுவரர் கோயிலுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் அந்தப் பெரியவர், தலயாத்திரை புறப்படும்போதெல்லாம் சட்டைப்பையில் இரண்டு பொருள்களைத் தவறாமல் எடுத்து வைத்துக்கொள்வார். ஒன்று, திருநீற்றுப் பொட்டலம். மற்றொன்று, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு குறிப்பேடு. தரிசித்த தலங்களையும் தீர்த்தங்களையும் அதில் எழுதி வைத்திருப்பார் என்று நினைத்துப் புரட்டிப் பார்த்த உறவினர்கள் ஏமாந்துபோனதுண்டு. அதில் இருப்பவை அனைத்தும் பெட்ரோல் பங்குகள். நாள், ஊர், வண்டி அதுவரை ஓடியிருந்த கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர், கொடுத்த ரூபாய், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் நெடுங்காலம் பெஞ்சு கிளார்க்காக இருந்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவர் அவர். எழுதி வைக்காதது நடவாததற்குச் சமம் என்பது அந்த உத்தியோகம் அவருக்குக் கற்பித்த பாடம். "சித்திரகுப்தருக்கு விடுப்பு வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிட வேண்டும்" என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. அந்தக் கேலியில் பெருமையும் கலந்திருந்தது என்பதை அவரும் அறிவார்.

பங்குகளின்மேல் இந்தப் பற்று சிறுவயதில் உண்டானது. அவருடைய ஊரில் அப்போது இருந்தது ஒரே ஒரு பர்மா ஷெல் பங்க். உயரமான தூணின் உச்சியில் கண்ணாடிக் குடுவை ஒன்று இருக்கும். பணியாள் நெம்புகோலைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்ட, பெட்ரோல் குடுவைக்குள் நுரைத்துக்கொண்டு ஏறும். கோடு வரை வந்ததும் குழாய் வழியே வண்டிக்குள் இறங்கும். கணக்கு லிட்டரில் இல்லை, காலனில். பள்ளிவிட்ட பிள்ளைகளுக்கு அது கோயில் வாணவேடிக்கைக்கு அடுத்த அதிசயமாக இருந்தது. பங்க் முதலாளி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெரிய மண்பானையும் வைத்திருந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் அங்கே நின்று நீர் அருந்திவிட்டுப் போவார்கள். வண்டி இல்லாதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிறுவன் கேட்டபோது, திங்களூரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலைத் தந்தையார் விரித்துரைத்தார். கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைப் பந்தலுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டு அளவைகளுக்கும் சூட்டியிருந்த அந்த அடியாரின் வரலாற்றை, மண்பானையும் பெட்ரோல் வாசனையும் இல்லாமல் நினைக்கவே பெரியவருக்கு இன்றுவரை முடிவதில்லை. 1976-இல் பர்மா ஷெல் நாட்டுடைமையாகிப் பிறகு பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. பலகை மாறியது, பானை மாறவில்லை.

குடிநீரும், சக்கரங்களுக்குக் காற்றும் எந்த பங்கிலும் விலையின்றித் தரப்பட வேண்டும் என்பது இப்போது விதி. விதியாகிவிட்ட காரணத்தாலேயே அது அறம் இல்லையென்று ஆகிவிடாது.

குறிப்பேட்டில் நீளமான குறிப்புப் பெற்ற பங்க் ஒன்று இமயமலையில் இருக்கிறது. அடல் சுரங்கப்பாதை 2020-இல் திறக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, யாத்திரைக் குழு ஒன்றுடன் தம்பதியர் மணாலியிலிருந்து திரிலோகநாதர் தரிசனத்துக்குச் சென்றனர். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயை வண்டி மூச்சிரைத்து ஏறி இறங்கியது. லாகுல் பள்ளத்தாக்கில் தாண்டி என்னும் சிற்றூர். அங்கே சந்திரா என்ற நதியும் பாகா என்ற நதியும் ஒன்று கலந்து சந்திரபாகா ஆகின்றன. வேதம் அசிக்னி என்று குறிப்பதும், சமவெளியில் இறங்கியபின் செனாப் என்று வழங்குவதும் இந்த நதிதான். பண்டரிபுரத்தில் விட்டலன் காலடியில் பீமா நதிக்குச் சந்திரபாகா என்று பெயர் வழங்குவதை அறிந்த தமிழ் யாத்ரீகர்களுக்கு, அந்தப் பெயரை இவ்வளவு வடக்கே, பனிமலைகளுக்கு நடுவே கேட்பது சிலிர்ப்பூட்டும் அனுபவம். சந்திரனின் மகளும் சூரியனின் மகனும் பாராலாச்சா கணவாயிலிருந்து ஆளுக்கொரு திசையில் மலையைச் சுற்றி ஓடி, இங்கே வந்து மணம்புரிந்துகொண்டனர் என்பது அவ்வூர் வழக்கு. முன்னோரின் அஸ்தியைக் கரைப்பதற்கும் லாகுல் மக்கள் இந்தச் சங்கமத்துக்கே வருகின்றனர்.

சங்கமத்துக்கு அருகே சாலையோரத்தில் ஓர் இந்தியன் ஆயில் பங்க். ஊரில் எங்கும் காணும் பங்குகளைப்போன்ற சிறிய பங்குதான். ஆனால் அதன் பலகையில், அடுத்த எரிபொருள் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதியிருந்தது. லே செல்லும் வண்டிகள் வரிசையில் நின்றன. டேங்கை நிரப்பியது போதாதென்று கேன்களிலும் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தனர். திரிலோகநாதருக்குச் செல்பவர்கள் லே சாலையை விட்டு இடப்புறம் பிரிந்து, சந்திரபாகாவை ஒட்டிப் போனால் போதும். 365 கிலோமீட்டர் கவலை அவர்களுக்கு இல்லை. ஆயினும் பெரியவர் வண்டியை விட்டு இறங்கி, அந்தப் பலகையின் முன் வெகுநேரம் நின்றார்.

"என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க?"

"ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை கிலோமீட்டர்."

அம்மையார் தலைப்பாகையைப்போலச் சுற்றியிருந்த கம்பளித் துண்டை இறுக்கிக்கொண்டார். "பந்தல் வைக்கிறவங்க உண்டு. இதுக்கு அப்புறம் பந்தல் கிடையாது, நல்லா குடிச்சுட்டுப் போன்னு எழுதி வைக்கிற பந்தல்காரரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். பெரியவர் அதை அப்படியே 'குறிப்பு' கட்டத்தில் எழுதிக்கொண்டார். திரிலோகநாதரைச் சைவர்கள் சிவபெருமானாகவும் பௌத்தர்கள் அவலோகிதேசுவரராகவும் ஒரே கருவறையில் வணங்குவதையும், உதய்ப்பூரில் மிருகுளா தேவி கோயிலின் மரச்சிற்பங்களையும் பற்றி அவருடைய ஏட்டில் ஒரு வரியும் இல்லை. அவற்றை மறந்துவிடுவோம் என்ற அச்சம் அவருக்கு இல்லாததே காரணம்.

அந்தக் குழுவில் இளையவர்கள் சிலர் அப்பாலும் சென்று, ஸ்பிதியில் காசா என்ற ஊரைப் பார்த்துவிட்டு வந்தனர். அங்கே 3,740 மீட்டர் உயரத்தில் இருக்கும் பங்க், உலகிலேயே மிக உயரமான சில்லறை எரிபொருள் நிலையம் என்று பலகை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் பெரியவர் எழுதினார். பக்கத்தில், 'கேட்டது; கண்டதன்று' என்று நீதிமன்ற வழக்கப்படி ஒரு வரியும் சேர்த்தார். செவிவழிச் சாட்சியம் சாட்சியமாகாது அல்லவா?

இத்தனை தொலைவு சென்று பங்குகளைப் பார்த்து வந்தவர், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒன்றை மட்டும் பார்க்காமலே கடந்துகொண்டிருந்தார். திருச்சி மத்தியச் சிறையை ஒட்டிய பங்க் அது. தமிழ்நாட்டுச் சிறைத் துறை இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் சேர்ந்து புழல், வேலூர், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை முதலிய இடங்களில் இத்தகைய பங்குகளை நடத்துகிறது. நன்னடத்தையுடைய தண்டனைக் கைதிகளே அங்கே எரிபொருள் நிரப்புகின்றனர். ஐதராபாத்தில் சஞ்சல்குடா சிறையை ஒட்டி இந்த ஏற்பாடு முன்பே வந்துவிட்டது. 2023-இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்கும் திறக்கப்பட்டது. 'ஃப்ரீடம்' என்று இவற்றுக்குப் பெயர். சிறைவாசலில் விடுதலை என்று எழுதியிருப்பது முதல் பார்வைக்குக் குறும்பாகவே தோன்றும்.

ஆனி மகம் மணிவாசகப் பெருமானின் குருபூசை நாள். ஆவுடையார்கோவில் என்று இன்று வழங்கும் திருப்பெருந்துறையில் அன்று இருக்க வேண்டும் என்பது தம்பதியரின் பல்லாண்டு வழக்கம். அந்த ஆண்டு மருமகப்பிள்ளை காரை ஓட்டினார். திருச்சியைக் கடந்து புதுக்கோட்டைச் சாலையில் திரும்புமுன்னரே டேங்கில் முள் இறங்கிவிட்டது.

"மாமா, ஜெயில் பங்குலயே ஊத்திக்கலாம். அளவு சரியா இருக்கும்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க."

"வேற எங்கேயாவது பார்க்கலாமே" என்றார் பெரியவர். அதற்குள் வண்டி உள்ளே நுழைந்துவிட்டது.

பம்பின் அருகே நின்றிருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். காதோரம் நரைத்திருந்தது. சற்றுத் தள்ளி நாற்காலியில் சிறைக் காவலர் ஒருவர். "சைபர் பார்த்துக்குங்க ஐயா" என்றார் அந்த மனிதர்.

பெரியவர் காரை விட்டு இறங்கினார். அளவில் ஐயம் கொண்டவர், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்பது வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை. குறிப்பேட்டில் பதிந்த நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகளில் ஒன்றிலேனும் அவர் அந்த உரிமையைக் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"ஏம்பா, அஞ்சு லிட்டர் அளவை இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பாத்திரத்தைக் கொண்டுவந்து சமதரையில் வைத்து, பிடித்து, பெரியவர் குனிந்து பார்க்க வசதியாக விலகி நின்றார். பெட்ரோல் குறியின்மீது நூல் பிசகாமல் நின்றது. மருமகப்பிள்ளை கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"இப்ப ஊத்தலாங்களா ஐயா?"

ஊற்றி முடித்து, மூடியை இறுக்கி, துணியால் துடைத்துவிட்டு, ரூபாயை வாங்கும்போதுதான் அவர் கேட்டார். "ஐயா, செஷன்ஸ் கோர்ட்டுல இருந்தீங்கல்ல?"

பெரியவருக்குக் கை நின்றுவிட்டது. பழிவாங்கப்பட்ட கதைகள் நீதிமன்ற ஊழியர்களிடையே உலவுவதுண்டு. காவலரும் நிமிர்ந்து பார்த்தார்.

"என் தீர்ப்பு அன்னிக்கு வாரண்டு எழுதினது நீங்கதானுங்க. எங்கப்பா பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. நீங்க என்னைக் கிட்ட கூப்பிட்டு, சின்ன 'ர'வா பெரிய 'ற'வான்னு கேட்டு, அடிச்சுத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டீங்க." அவர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே பேசினார். "பரோலுக்கு மனுப் போட்டப்ப, பேர் ஒத்துப்போகலைன்னு எத்தனையோ பேருக்குத் தாள் திரும்பி வந்துச்சுங்க. எனக்கு வரலை. எங்கம்மா காரியத்துக்குப் போக முடிஞ்சுது." பின்பு, சில்லறையைக் கொடுத்தபடி, "அன்னிக்குக் கோர்ட்டுல எல்லாரும் என்னைப் பத்திப் பேசுனாங்க. என்கிட்ட கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

பின்னால் லாரி ஒலி எழுப்பியது. கார் நகர்ந்தது.

கீரனூர் கடக்கும்வரை யாரும் பேசவில்லை. "என்ன கேஸுங்க அது?" என்று அம்மையார் மெல்லக் கேட்டார். "ஞாபகம் இல்லை" என்றார் பெரியவர். பொய்யன்று. அந்த முகம் அவருக்கு நினைவில்லை, பெயரும் நினைவில்லை, வழக்கு எண்கூட இல்லை. தம் கையால் எத்தனை வாரண்டுகள் எழுதியிருப்போம் என்று கணக்கிட முயன்றார். தாண்டியில் எத்தனை லிட்டர், என்ன விலை என்பதை இந்த நொடியில் கேட்டாலும் ஏட்டைப் புரட்டிச் சொல்லிவிடக்கூடியவருக்கு, அந்தக் கணக்குக் கிடைக்கவில்லை.

திருப்பெருந்துறைக் கோயிலின் பெருமைகளை இந்த இதழின் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. ஆத்மநாதர் அருவமாக எழுந்தருளியிருக்கிறார். கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. பெரியவர் எப்போதும் முதலில் செல்வது, கல்லை மரச்சட்டம்போல் இழைத்திருக்கும் அந்தக் கொடுங்கைகளின் அடியில்தான். அன்று அண்ணாந்து பார்க்கவே இல்லை. நேரே மணிவாசகர் சந்நிதிக்குச் சென்று நின்றுவிட்டார்.

குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சரைப் பாண்டியன் சிறையில் அடைத்த வரலாறு எல்லோரும் அறிந்தது. நரி பரியானதும், பரி நரியானதும், வையை பெருகியதும், வந்தியின் பிட்டுக்கு இறைவன் மண் சுமந்ததும் அதன் தொடர்ச்சி. அரசனையும் அமைச்சரையும் நினைக்கிற நாம், சிறையிடும் ஆணையை ஓலையில் எழுதிய கணக்கன் எவன் என்று கேட்டதில்லை. அவனும் ஒருவன் இருந்திருப்பான். எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப்போய் உணவருந்தியிருப்பான். அன்றிரவு பெரியவர் தம் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

உச்சிக்காலத்தில் புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டிப் பரப்பினார்கள். ஆவி எழுந்து கருவறையை நோக்கிப் பரவியது. அந்த ஆவியே அங்கு நிவேதனம். அம்மையார் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும் திருநீற்றைத் தனியாக ஒரு தாளில் மடித்து, "அந்தத் தம்பிக்கு" என்றார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பங்கில் வேறு ஆட்கள் நின்றனர். "அவங்க முறை முடிஞ்சு உள்ள போயாச்சும்மா" என்றார் காவலர். அம்மையார் பொட்டலத்தை நீட்டினார்.

"எதையும் வாங்கக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"திருநீறுதாங்க ஐயா. திருப்பெருந்துறை."

காவலர் சற்று யோசித்தார். அவர் நெற்றியிலும் கீற்று இருந்தது. "பொட்டலத்தை வாங்க முடியாதும்மா. அவங்க இங்க நிக்கிறப்ப வந்தீங்கன்னா... நெத்தியில பூசிக்கிறதை யாரும் கேக்க மாட்டாங்க." மேலும் அவர் சொன்ன செய்தி ஒன்று பெரியவரின் செவியில் தங்கியது. இங்கே கைதிகள் ஈட்டும் கூலி முழுவதும் அவர்களுக்கு வருவதில்லை. ஒரு பகுதி, அவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென்று உள்ள நிதியில் சேர்கிறது. முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் இருந்தும், தாம் எழுதிய தாள் அந்த மதிற்சுவருக்குள் சென்றபின் நடப்பது என்ன என்பதை அவர் கேட்டறிந்ததில்லை. கேட்க வேண்டிய கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அன்றைய பதிவில் லிட்டர், ரூபாய், கிலோமீட்டர் எல்லாம் உண்டு. குறிப்புக் கட்டத்தில் 'அளவு சரி' என்று எழுதி, பிறகு அதை ஒரு கோட்டால் அடித்திருக்கிறார்.

ஆடி பிறந்து நான்கு நாள் சென்றிருக்கும். காலையில் எழுந்ததும் திருச்சிக்குப் போக வேண்டும் என்றார்.

"என்ன வேலை மாமா?"

"பெட்ரோல் போடணும்."

"டேங்க் பாதிக்கு மேல இருக்கே!"

"மீதிப் பாதிக்குப் போடலாம்."

மருமகப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மாமியார் ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு, மடித்த தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதே பம்பில் அதே மனிதர் நின்றிருந்தார். "சைபர் பார்த்துக்குங்க ஐயா" என்று தொடங்கியவர், பெரியவரைக் கண்டதும் நிறுத்தினார். அம்மையார் இறங்கிச் சென்று, தாளைப் பிரித்து உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார். அவர் காவலரைப் பார்த்தார். காவலர் எழுந்து, காற்றுப் பிடிக்கும் குழாயின் பக்கம் போய், அதன் மானியைக் கூர்ந்து கவனிக்கலானார். அந்த மனிதர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் திருநீற்றை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

பெட்ரோல் பாய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் குறிப்பேட்டைப் பிரித்து, காரின் கூரைமேல் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

"உங்க பேர் சொல்லுங்க."

அவர் சொன்னார்.

"தகப்பனார் பேர்?"

அதையும் சொன்னார். பெரியவர் எழுதத் தொடங்கி, பாதியில் நின்று, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

"பெரிய 'ற'தாங்க ஐயா" என்றார் அவர். மீட்டர் ஓடி நின்றது.